ஃபைபர் போஸ்ட் கழன்று வந்ததா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஃபைபர் போஸ்ட் என்பது, ரூட் கெனால் செய்த பல்லின் வேர்க் குழாய்க்குள் சிமெண்ட் என்னும் பசையால் ஒட்டும் கண்ணாடி இழைக் கம்பி; அதைப் பிடித்துத்தான் கோரும் (உள்கட்டை) அதன்மேல் கிரவுனும் (உறை) நிற்கின்றன. அது போட்ட பல் நம்மிடம் திரும்பி வந்தால், பெரும்பாலும் வேர் பிளந்து வருவதில்லை. போஸ்ட் கழன்றுதான் வருகிறது. வேர் பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். போஸ்ட் கழன்ற பல்லை இன்னொரு தடவை காப்பாற்றலாம். அந்த வகையில் இது நல்ல சங்கடம்தான். ஆனால் கழன்ற போஸ்டைக் கண்டதும், "இந்த சிமெண்ட் சரியில்லை, வேறு பிராண்ட் வாங்குவோம்" என்று முடிவு கட்டுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்னப் பல் மருந்தகங்களில் வேலை பார்க்கும் இளம் பல் மருத்துவர்களையும் உதவியாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சிமெண்ட் மீது பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் காசே ஆகாது.

முதல் வேலை: கழன்ற துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

நோயாளி தொலைபேசியில் அழைக்கும்போதே முன்மேசையில் இருப்பவர் சொல்ல வேண்டியது இதுதான்: கழன்றதை அப்படியே சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள், கடையில் விற்கும் பசையால் ஒட்டிப் பார்க்காதீர்கள், சுரண்டிக் கழுவாதீர்கள். துண்டு தொண்டைக்குள் போனபின் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நம்மிடம் வர வேண்டாம், நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.

துண்டு கைக்கு வந்ததும் காயவைத்து, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: சிமெண்ட் எங்கே நிற்கிறது? போஸ்டின் மேலா, குழாயின் சுவரிலா, இரண்டிலுமா? அதற்கான விடை கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

அதற்கும் முன்னால் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, பல்லைச் சுற்றி புரோப் (ஈறின் ஆழம் பார்க்கும் அளவுக் கம்பி) வைத்து அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 2, 3 மி.மீ. இருந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கினால் வேர் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் கெட்டிப் பகுதி) மிச்சமிருக்கிறதா? அந்த வளையத்தைத்தான் ஃபெரூல் என்கிறோம். அது இல்லாத பல்லில் எந்தப் பசையை ஊற்றினாலும் ஒவ்வொரு கடிக்கும் போஸ்ட் அசைந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: போஸ்ட் முழுக்க சிமெண்ட், குழாயின் சுவர் வெறுமை

அதிகம் பார்ப்பது இதைத்தான். பசை போஸ்டைப் பிடித்திருக்கிறது, பல்லைப் பிடிக்கவில்லை. போஸ்டுக்கு என்ன பூசினோம் என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள்.

*காற்றில் தண்ணீரும் எண்ணெயும்*

மிக எளிய சோதனை: காற்றும் தண்ணீரும் அடிக்கும் த்ரீ வே சிரிஞ்சை எடுத்து, காற்றை மட்டும் சுத்தமான வாய்க் கண்ணாடியில் அடியுங்கள். துளியோ மங்கலான படலமோ தெரிந்தால் அந்தக் காற்றுதான் உங்கள் குழாய்க்குள்ளும் போயிருக்கிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேர அதிக நாள் ஆகாது. தினமும் வடித்துவிட வேண்டும், ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். இது யாருடைய வேலை என்று எழுதி ஒட்டாத மருந்தகத்தில் இது யாருடைய வேலையும் இல்லை.

குழாயை உலர்த்துவதைக் காற்றால் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி. பேப்பர் பாயிண்ட் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) போடுங்கள். கடைசியாகப் போட்டது நனையாமல் வரும்வரை போடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசிட் வைத்துக் கழுவும் முறையில் டென்டினை முழுக்க வறண்டுபோக விட்டால் பாண்டிங் (சிமெண்டுக்கு முன் பல்லில் பூசும் ஒட்டுத் திரவம்) உள்ளே இறங்காது.

*அடியில் தேங்கிய பாண்டிங்*

பூசிய பாண்டிங் குழாயின் அடியில் குட்டையாக நின்றுவிடும். அதிலிருக்கும் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஆவியாக வழியில்லை, அதை இறுகவைக்கும் லைட்டும் அங்கே சரியாக எட்டுவதில்லை. கழன்ற போஸ்டின் நுனியில் பிசுபிசுப்பாகவோ கண்ணாடி போலவோ ஒரு தொப்பி இருந்தால் இதுதான் காரணம். மெல்லிய மைக்ரோபிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். பூசிய பிறகு ஒரு பேப்பர் பாயிண்ட் விட்டு மிச்சத்தை உறிஞ்சிவிடுங்கள்.

*சுவரில் அப்பிய கட்டா பெர்ச்சாவும் சீலரும்*

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நாம் அவசரப்படுவதும் இங்கேதான். போஸ்ட் டிரில் சுற்றும்போது சூட்டில் கட்டா பெர்ச்சா (ரூட் கெனாலை நிரப்பும் ரப்பர் போன்ற இளஞ்சிவப்புப் பொருள்) இளகுகிறது. அதோடு வைக்கும் பசையான சீலரும் டென்டின் தூளும் சேர்ந்து சுவரில் பட்டி பார்த்தது போல அப்பிக்கொள்கின்றன. ரூட் கெனால் செய்தபோது நன்றாகக் கழுவினோமே என்றால், இந்த அழுக்கு அதற்குப் பிறகு உண்டானது. கழுவியதெல்லாம் கணக்கில் வராது.

இன்னொரு சிக்கல், டிரில் வட்டமானது, பல குழாய்கள் வட்டமானவை அல்ல. கீழ்த்தாடை முன்பற்கள், முன்கடைவாய்ப் பற்கள், கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்வேர் இவற்றில் எல்லாம் குழாய் நீள்வட்டம். டிரில் நடுவில் மட்டும் சுத்தம் செய்துவிட்டு வரும். கன்னப் பக்கத்திலும் நாக்குப் பக்கத்திலும் பழைய நிரப்பு அப்படியே நிற்கும். எக்ஸ்ரே கன்னப் பக்கத்திலிருந்து எடுப்பதால் படத்தில் குழாய் சுத்தமாகத்தான் தெரியும். அதை நம்ப வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது? மைக்ரோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லூப்பும் லைட்டும் வைத்து, மெல்லிய எக்ஸ்ப்ளோரரால் நான்கு பக்கச் சுவரையும் வழித்துப் பாருங்கள். முனையில் இளஞ்சிவப்பாக ஏதாவது ஒட்டி வந்தால் இன்னும் சுத்தமாகவில்லை. அல்ட்ராசானிக் முனையாலோ சின்ன பிரஷ்ஷாலோ சுவரைத் தேயுங்கள். அப்புறம் டென்டின் தூள் படலத்தைக் கரைக்கும் 17 சதவீத இடிடிஏ கரைசல் ஒரு நிமிடம், பிறகு தாராளமாகத் தண்ணீர். மறுபடி வழித்துப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தி, விலை கூடிய சிமெண்ட் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

*கடைசியாகக் கழுவியது ஹைப்போவா?*

ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், டென்டினில் விட்டுச்செல்லும் ஆக்சிஜன் ரெசின் (பாண்டிங்கிலும் சிமெண்டிலும் இருக்கும் பிசின்) இறுகுவதைக் கெடுக்கும். ரெசின் வேலைக்கு முன்னால் கடைசிக் கழுவல் தண்ணீராக இருப்பது பாதுகாப்பு. ஹைப்போ பட்டுவிட்டால் 10 சதவீத சோடியம் ஆஸ்கார்பேட் கரைசல் அதன் விளைவைப் பெருமளவு மாற்றித் தரும். ஒட்டு நாளடைவில் நைந்துபோவதைக் குறைக்க, பாண்டிங்குக்கு முன் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் வைப்பவர்கள் உண்டு, நல்லதுதான். ஆனால் ஹைப்போ மிச்சமிருக்கும் குழாயில் அதை விட்டால் பழுப்பு நிறப் படிவு உண்டாகிச் சுவரை மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: தனி பாண்டிங் இல்லாமலே ஒட்டும் சில செல்ஃப் அட்ஹெசிவ் சிமெண்ட்களின் குறிப்பேட்டிலேயே ஹைப்போவால் கழுவி, தண்ணீர் விட்டு உலர்த்தச் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அதன்படி செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாள் நான் சொல்வதைவிடப் பெரியது.

*யூஜெனால்*

கிராம்பு வாசனை வரும் சீலரும் தற்காலிக நிரப்பும்தான் இங்கே குற்றவாளி. யூஜெனால் ரெசினை இறுகவிடாது; புதிதாக வைத்தது என்றால் இன்னும் மோசம். பழைய குறிப்பைப் புரட்டி எந்த சீலர் என்று பாருங்கள். வேறு இடத்தில் ரூட் கெனால் செய்தவரென்றால் யூஜெனால் இருந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்; டென்டினின் மேற்படலத்தை வழித்தெடுத்து, ஆல்கஹால் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து, இடிடிஏ, தண்ணீர் என்று வாருங்கள். போஸ்ட் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த பல்லில் ரெசின் சீலரோ கால்சியம் சிலிகேட் சீலரோ போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

*பாண்டிங்கும் சிமெண்டும் ஒத்துப்போகவில்லை*

ஒரே பாட்டிலில் எல்லாம் இருக்கும் பாண்டிங்குகளில் பல அமிலத்தன்மை கொண்டவை. லைட்டாலும் தானாகவும் இறுகும் டூயல் கியூர் சிமெண்டில், இருட்டிலும் இறுகவைக்கும் அமீன் என்ற வேதிப்பொருளை அந்த அமிலம் செயலிழக்கச் செய்துவிடும். மேலே லைட் பட்ட இடம் கல்லாக இருக்கும், அடியில் சிமெண்ட் சோர்ந்து கிடக்கும். ஒரு நிறுவனத்தின் பாண்டிங்கையும் இன்னொரு நிறுவனத்தின் சிமெண்டையும் கலந்து பயன்படுத்தும் மருந்தகங்களில் இதைச் சந்தேகியுங்கள். ஒரே குடும்பத்துப் பொருள்களாக வாங்குங்கள், அல்லது அந்தப் பாண்டிங்குக்கென்று விற்கும் டூயல் கியூர் ஆக்டிவேட்டரைச் சேருங்கள். போஸ்ட் குழிக்குள் வெறும் லைட் கியூர் பாண்டிங்கை நம்பி இறங்க வேண்டாம்.

செல்ஃப் அட்ஹெசிவ் சிமெண்ட் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: "எதற்கும் இருக்கட்டும்" என்று டென்டினில் பாஸ்பாரிக் ஆசிட் வைக்காதீர்கள். அந்தக் கெட்டியான சிமெண்ட், ஆசிட் திறந்துவிட்ட ஆழத்துக்கு இறங்காது. பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும்.

அறிகுறி: போஸ்ட் வழவழவென்று வெறுமையாக, சிமெண்ட் முழுக்க குழாய்க்குள்

இது பழுதுகளில் எளியது. குழாயில் செய்த வேலை சரி. போஸ்டைத் தயார் செய்ததில் கோளாறு.

முதலில் கேட்க வேண்டியது, அளவு பார்க்க வாய்க்குள் விட்டு எடுத்த போஸ்டை அப்படியே ஒட்டினோமா? எச்சிலும் கையுறைத் தூளும் பட்ட போஸ்டை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடாமல் ஒட்டவே கூடாது. துடைத்த பின் ட்வீசரால் மட்டும் பிடியுங்கள். அதை உதவியாளரின் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது பிரச்சினைக்கு அழைப்பு.

அடுத்து, போஸ்டின் கண்ணாடி இழையைப் பசையோடு இணைக்கப் பூசும் சைலேன் பாட்டிலைப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டியது பால் கலந்தது போல மங்கியிருந்தால் குப்பைக்குப் போகட்டும். மூடியைத் திறந்து வைத்தால் அதிலிருக்கும் ஆல்கஹால் பறந்துவிடும். சாயங்காலம் ஏசியை அணைத்துவிட்டுப் போகிறோம், இரவெல்லாம் மேசைமேல் இருக்கும் பாட்டில்கள் நம் ஊர்ச் சூட்டில் கிடக்கின்றன. காலாவதித் தேதி வருவதற்கு முன்பே கெட்டுப்போக இது போதும். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால் வையுங்கள். பயன்படுத்தும் முன் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். சைலேன் பூசி ஒரு நிமிடம் விட்டு, பிறகு காற்றில் உலர்த்துவதே வழக்கமான முறை.

இவ்வளவும் சரியாக இருந்தும் கழன்றதென்றால் போஸ்டின் மேற்பரப்பே காரணமாக இருக்கலாம். சைலேன் பிடிப்பது கண்ணாடி இழையை. இழைகளை மூடியிருக்கும் எபாக்சியை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எபாக்சியைக் கொஞ்சம் கரைத்து இழையை வெளியே கொண்டுவர ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும்: 24 சதவீதம் என்றால் ஒன்று முதல் 10 நிமிடம், 10 சதவீதம் என்றால் 20 நிமிடம். பிறகு கழுவி, உலர்த்தி, சைலேன். 24 சதவீதக் கரைசல் தோலைச் சுடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு மேசையில் செய்யுங்கள். தொழிற்சாலையிலேயே பூச்சு போட்டு வரும் போஸ்ட்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இதெல்லாம் வேண்டாம், ஆல்கஹால் துடைப்பு போதும். பெராக்சைடு விட்டால் இருந்த பூச்சும் போய்விடும்.

பாஸ்பாரிக் ஆசிட் போஸ்டைச் சுத்தம் செய்யும், சொரசொரப்பாக்காது. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கண்ணாடி இழையையே தின்றுவிடும். பீங்கான் கிரவுனுக்கு வைத்திருப்பதை இங்கே எடுக்காதீர்கள். மணல் அடிப்பதும் அப்படித்தான், கொஞ்சம் கூடினால் இழை சிதைந்துவிடும். நான் செய்வதில்லை.

அறிகுறி: இரண்டு பக்கமும் சிமெண்ட், நடுவில் பிளந்திருக்கிறது

பூச்சு வேலைகள் சரி, சிமெண்ட் தன்னளவில் பலவீனம். ஆட்டோமிக்ஸ் சிரிஞ்சில் புது முனை மாட்டியதும் முதலில் வரும் துளியைப் பலகையில் விட்டுத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். பிளந்த பரப்பில் குமிழ்கள் தெரிந்தால், நீண்ட மெல்லிய முனையை அடிவரை விட்டு, சிமெண்டுக்குள்ளேயே முனையை வைத்தபடி கீழிருந்து மேலே வாருங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடியில் மாட்டிக்கொள்ளும்.

சிமெண்ட் படலம் ஒரு பக்கம் மெல்லிசு, மறுபக்கம் தடிப்பு என்றால் போஸ்ட் அந்தக் குழாய்க்குச் சின்னது. இதற்குப் பெரிய டிரில் போட்டுப் பல்லை மேலும் குடைவது தீர்வில்லை. குழாயில் தண்ணீரில் கரையும் ஜெல் தடவி, போஸ்டின் மேல் காம்போசிட் வைத்துக் குழாயின் வடிவத்துக்கே அச்சு எடுத்து, வெளியே எடுத்து முழுக்க இறுகவைத்து, ஜெல்லைக் கழுவிவிட்டு ஒட்டுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும். நீள்வட்டக் குழாய்களில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சிமெண்ட் இன்னும் மெத்தென்று இருந்தால் லைட்டைச் சோதியுங்கள்: முனையில் காய்ந்த ரெசின் ஒட்டியிருக்கிறதா, வெளிச்ச அளவுமானி என்ன காட்டுகிறது? போஸ்டின் வழியாக அடிவரை இறங்கும் வெளிச்சம் சொற்பம். அதனால் லைட் அடித்ததும் பர் (சுழலும் வெட்டு முனை) எடுத்துக் கோரைச் சீவத் தொடங்காமல், இருட்டில் இறுக அந்த சிமெண்டுக்கு எழுதியிருக்கும் நிமிடங்கள் முழுவதும் காத்திருங்கள்.

அறிகுறி: ஒட்டும்போது போஸ்ட் பாதியில் நின்றுவிட்டது

சிமெண்ட் முன்கூட்டியே இறுகிவிட்டது, அல்லது குழாய்க்குள் பாண்டிங் தடித்துக் கிடந்தது. அறைச் சூட்டைவிட வாய்ச் சூடு அதிகம் என்பதையும், சில பிராண்ட்களின் பாண்டிங் பட்டதும் சிமெண்ட் வேகமாக இறுகும் என்பதையும் மறக்கக் கூடாது. லென்டுலோ என்னும் சுழலும் சுருள் கம்பியால் சிமெண்டை உள்ளே சுற்றிவிடும் பழைய பழக்கமும் பல ரெசின் சிமெண்ட்களில் இறுகலை விரைவாக்கும்.

நின்றுவிட்ட போஸ்டைப் பலங்கொண்டு அழுத்தாதீர்கள். இன்னும் இளகியிருந்தால் உடனே உருவி, கழுவி, முதலிலிருந்து. இறுகிவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள். கிரவுன் உயரத்துக்காவது போஸ்ட் இறங்கியிருந்து, கீழே இடைவெளி இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அறிகுறி: எக்ஸ்ரேயில் போஸ்ட் நுனிக்கும் கட்டா பெர்ச்சாவுக்கும் நடுவே இருட்டு

ஒரு சின்னக் கோடு என்றால், வலியும் வீக்கமும் இல்லையென்றால், குறித்து வைத்து அடுத்த வருகையில் ஒப்பிடலாம். பெரிய இடைவெளி என்றால் கிருமி குடியேற இடம் விட்டிருக்கிறோம். வேர் நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டா பெர்ச்சா மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குக் குறைந்தால் போஸ்ட் எவ்வளவு இறுக்கமாக நின்றாலும் பயனில்லை.

அறிகுறி: கோரும் கிரவுனும் வந்தன, போஸ்ட் பல்லிலேயே நிற்கிறது

போஸ்டின் தலைப்பகுதியில் சைலேனும் பாண்டிங்கும் படவில்லை, அல்லது கோர் கட்டும்போது எச்சில் பட்டது. ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரை) இல்லாமல் கோர் கட்டுகிறவர்களுக்கு இதைத் தாண்டி ஆராய வேண்டியதில்லை. போஸ்ட் அசையாமல் நின்றால் தலையைச் சுத்தம் செய்து, மறுபடி பூசி, கோர் கட்டலாம். தலை நார் நாராகப் பிரிந்திருந்தால் போஸ்ட் முடிந்தது. போஸ்டைக் கட்டரால் நறுக்கியிருந்தாலும் இப்படிப் பிரியும். டைமண்ட் பர்ரால் தண்ணீர் விட்டு வெட்டுங்கள்.

"பழசையே ஒட்டிக் குடுங்க டாக்டர்"

தீபாவளி முறுக்குக் காலத்தில் இதைக் கேட்காத வாரமில்லை. கேட்பவர் பெரும்பாலும் வயதான அங்கிள், இன்னொரு தடவை செலவா என்ற கவலை நியாயமானது. "அங்கிள், கிரவுன் நல்லா இருந்தா அதைத் திரும்ப வச்சிடலாம், உள்ள இருக்கிற கம்பி மட்டும் புதுசு" என்றால் புரிந்துகொள்வார். பழைய சிமெண்ட் ஏறிய போஸ்டைச் சுரண்டி மறுபடி ஒட்டுவது வேண்டாம். சுரண்டும்போதே இழை அறுந்துவிடும். ஒரு போஸ்டின் விலை நாற்காலியில் போகும் நேரத்தின் விலையை விடக் குறைவு. சாஸ் அட்டை (அரசாங்கத்தின் மருத்துவக் கட்டண உதவி அட்டை) வைத்திருப்பவர் என்றால், அவர் அட்டைக்கு எந்த சிகிச்சைக்கு எவ்வளவு கழிவு என்பதை வேலை தொடங்கும் முன்னரே முன்மேசையில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

கழன்று எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். நேற்று என்றால் சுத்தம் செய்து ஒட்டலாம். மூன்று மாதம் குழாய் எச்சிலில் ஊறிக் கிடந்தது என்றால் புது போஸ்டுக்கு முன்னால் ரூட் கெனாலை மறுபடி செய்ய வேண்டிவரும்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

ஒரே இடத்தில் ஆழமான பை, ஈறில் சீழ்ப் புள்ளி, வேரோரம் நிழல், இவற்றில் எதைக் கண்டாலும் ரூட் கெனால் நிபுணருக்கு அனுப்புங்கள். ஃபெரூல் இல்லாத பல்லுக்குச் செயற்கைப்பல் நிபுணரின் கருத்து வேண்டும்: ஈறை இறக்குவதா, பல்லை மேலே இழுப்பதா, பிடுங்கிவிட்டு வேறு வழி பார்ப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒரே பல்லில் இரண்டாவது முறையும் கழன்றால் கடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் பல் கடிப்பவருக்கு எந்த ஒட்டும் நிலைக்காது. உதவிக்கட்டணத்தில் போக வேண்டியவர்களைத் தேசிய பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பலாம். ஆனால் பரிந்துரைக் கடிதத்தோடு போனால்தான் அந்தக் கட்டணம் கிடைக்கும், காத்திருப்பும் இருக்கும் என்று முன்னரே சொல்லுங்கள். கடிதத்தில் எந்த சீலர், எந்த சிமெண்ட், சிமெண்ட் எந்தப் பக்கம் நின்றது, எப்போது கழன்றது என்பதை எழுதுங்கள்.

உடைந்த போஸ்ட் வேருக்குள் ஆழமாக நின்றால், அதை எடுக்க முயன்றுவிட்டு முடியாமல் அனுப்புவதைவிட, தொடாமல் அனுப்புவது நல்லது. ஃபைபர் போஸ்டைச் சுற்றியுள்ள டென்டினிலிருந்து நிறத்தால் பிரித்துப் பார்ப்பது கடினம். மைக்ரோஸ்கோப் இல்லாமல் பர்ரை இறக்கினால் குழாயின் நடுவே போகிறோமா, பக்கச் சுவரைத் துளைக்கிறோமா என்று தெரியாது. துளைத்துவிட்டால் நிபுணருக்கும் அந்தப் பல்லைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.